பணவீக்கம் இறங்கிவிட்டதாம், சாமான் விலை ஏன் இறங்கவில்லை? இலங்கை நெருக்கடியின் மூலம் எது?

வேம்படி நிழல் கேட்டது:

வணக்கம். இரண்டு கேள்வி, இரண்டும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன.

முதலாவது: 2022 செப்டெம்பரில் 69.8 சதவீதமாக இருந்த பணவீக்கம் சரியாக ஒரு வருடத்தில் 1.3 சதவீதத்துக்கு வந்தது. 2024 செப்டெம்பரில் பூச்சியத்துக்கும் கீழே, மறை 0.5 ஆனது. ஆனால் பருப்பு, பால்மா, பாண், மண்ணெண்ணெய் எதுவும் 2021 விலைக்குத் திரும்பவில்லை. எண்ணில் பிழையா, அல்லது அந்த எண் சொல்வது வேறெதையோவா?

இரண்டாவது: காரணம் கேட்டால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். சீனக் கடன், கொரோனா, சேதனப் பசளை, ஊழல் என்று. "எல்லாம் கொஞ்சம் கொஞ்சம்" என்று மழுப்பாமல், எது எதை இழுத்து விழுத்தியது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். உயர்தரப் பொருளியல் மாணவர்களுக்கு விளக்கத் தேவைப்படுகிறது, ஆகவே கணக்கோடு இருந்தால் நல்லது.

---

கணக்கப்பிள்ளை எழுதியது:

முதல் கேள்வியை நான் எடுத்துக்கொள்கிறேன். எண்ணில் பிழை இல்லை. பணவீக்கம் விலையைக் காட்டுவதில்லை, விலை ஏறும் வேகத்தைக் காட்டுகிறது.

2021 செப்டெம்பரில் ஒரு கூடைச் சாமான் 100 ரூபாய் என்று வையுங்கள். 69.8 சதவீதம் ஏறி 2022 செப்டெம்பரில் அது 169.80 ஆகிறது. அடுத்த வருடம் அதன் மேல் 1.3 சதவீதம், அதாவது 172 ரூபாய். அதற்கடுத்த வருடம் மறை 0.5, அதாவது 171.10. "விலைகள் குறைந்தன" என்று தலைப்புச் செய்தி வந்ததே, அந்த முழு வருடத்திலும் கூடைக்குக் குறைந்தது 90 சதம். (இந்தக் கூடையின் விலையை அளக்கும் சுட்டெண்ணின் அடியாண்டை, அதாவது 100 என்று வைக்கும் ஆண்டை, 2023இல் மாற்றினார்கள். ஆகவே தசமத்தைப் பிடித்துத் தொங்க வேண்டாம், அளவு சரி.)

இதைச் சம்பளத்தோடு சேர்த்தால்தான் மாணவர்களுக்கு உறைக்கும். 2021இல் 40,000 ரூபாய் சம்பளம் வாங்கியவர் அதே சாமானை 2023 செப்டெம்பரில் வாங்க 68,800 ரூபாய் தேவை. அவருக்கு 10,000 கூட்டி 50,000 கொடுத்தார்கள் என்றால் 50,000ஐ 1.72ஆல் பிரியுங்கள்: பழைய காசில் 29,070. கையில் பத்தாயிரம் கூடியிருக்கிறது, வாங்கும் சக்தியில் நாலில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது. சம்பளம் விலையைப் பிடிக்கும் வரைக்கும் கஷ்டம் தீராது, பணவீக்கம் பூச்சியமானாலும் தீராது.

இன்னொன்று. அந்த 69.8 கொழும்பு நகர்ப்புற நுகர்வோருக்கான சுட்டெண். முழுத் தீவுக்குமான சுட்டெண் அதே மாதம் 73.7 காட்டியது, ஏனென்றால் அதில் உணவின் பங்கு பெரிது. வறிய குடும்பத்தில் உணவின் பங்கு அதைவிடவும் பெரிது. அந்த மாதம் கொழும்பில் உணவு 94.9, உணவல்லாதவை 57.6 சதவீதம் ஏறியிருந்தன. செலவில் 60 சதவீதம் சாப்பாட்டுக்கே போகும் குடும்பத்துக்குக் கணக்குப் பாருங்கள்: 0.6 தர 94.9, கூட்டல் 0.4 தர 57.6. வருவது 80 சதவீதம். ஒரே நாடு, ஒரே மாதம், ஆனால் ஏழைக்கு ஒரு பணவீக்கம், வசதியானவருக்கு இன்னொன்று.

மாணவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடம் ஒன்று. டொலர் 203 ரூபாயிலிருந்து 360க்குப் போனபோது டொலரின் விலை 77 சதவீதம் ஏறியது. ரூபாயின் மதிப்பு 77 சதவீதம் விழவில்லை, 44 சதவீதம் விழுந்தது. இரண்டும் ஒரே சம்பவம்தான், வகுக்கும் எண்தான் வேறு. மின்கட்டணமும் இப்படித்தான். 2022 ஓகஸ்டில் சராசரியாக 75 சதவீதம், 2023 பெப்ரவரியில் 66 சதவீதம். கூட்டி 141 என்று எழுதுவார்கள். 1.75ஐ 1.66ஆல் பெருக்க வேண்டும்: 2.9. ஏறக்குறைய மூன்று மடங்கு.

---

திறைசேரி வாசல் எழுதியது:

இரண்டாவது கேள்வி. ஒரு நாட்டு அரசாங்கத்துக்கு இரண்டு பை உண்டு, ஒன்று ரூபாய்ப் பை, மற்றது டொலர்ப் பை. சொல்லப்படும் ஒவ்வொரு காரணத்தையும் "இது எந்தப் பையைக் கிழித்தது?" என்று கேளுங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீரும்.

ரூபாய்ப் பை முதலில். 2019 டிசம்பரில் பெறுமதி சேர் வரி 15 சதவீதத்திலிருந்து 8க்கு வெட்டப்பட்டது. வரிக்குப் பதிவு செய்ய வேண்டிய வியாபாரத்தின் வருட விற்றுமுதல் 12 மில்லியன் ரூபாயிலிருந்து 300 மில்லியனுக்கு உயர்த்தப்பட்டது. 2 சதவீத தேச நிர்மாண வரி நீக்கம். மாதச் சம்பளத்தில் கழிக்கும் வரியும் நீக்கம். எல்லோரும் 15க்கு 8 என்பதையே பேசுகிறார்கள், என் கணிப்பில் அதைவிடக் கேடு அந்த 300 மில்லியன் எல்லை. வீதத்தைப் பிறகு கூட்டிவிடலாம். ஆனால் வலையிலிருந்து வெளியே போன வியாபாரியை மறுபடி பதிவேட்டுக்குள் கொண்டுவர வருடக்கணக்கில் ஆகும்.

விளைவு: வரி வருமானம் 2019இல் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 11.6 சதவீதம், 2020இல் 8.1, 2021இல் 7.7. அந்த 11.6கூட ஏற்கெனவே குறைவு. 2021இல் அரசாங்கம் பெற்ற வருமானத்தில் 70 சதவீதத்துக்கு மேல் வட்டிக்கே போனது. சம்பளம், ஓய்வூதியம், மருந்து எல்லாவற்றுக்கும் மிஞ்சியது முப்பது சதவீதத்துக்கும் குறைவு.

துண்டு விழுந்ததை எப்படி நிரப்பினார்கள்? திறைசேரி உண்டியல் (அரசாங்கம் குறுகிய காலக் கடனுக்கு விற்கும் பத்திரம்) ஏலத்தில் வட்டிக்கு உச்ச எல்லை வைத்தார்கள். அந்த வட்டிக்குக் கடன் கொடுக்க வங்கிகள் முன்வரவில்லை. எடுபடாத மிச்ச உண்டியல்களை மத்திய வங்கியே வாங்கியது. பணம் அச்சடிப்பது என்று சொல்வது இதைத்தான், அச்சு இயந்திரமே ஓடத் தேவையில்லை. மத்திய வங்கி கையில் இருந்த அரச பிணையங்கள் 2019 இறுதியில் 100 பில்லியன் ரூபாய்க்கும் குறைவு, 2022 இறுதியில் 2,500 பில்லியனுக்கும் மேல்.

இரண்டு பைக்கும் நடுவே உள்ள ஓட்டை இங்கேதான் இருக்கிறது. அச்சடித்த ரூபாய் யாரோ ஒருவரின் சம்பளமாகிறது, அவர் அதைக் கொண்டு பெற்றோல் வாங்குகிறார், பால்மா வாங்குகிறார். இரண்டும் கப்பலில் வருபவை. ஆகவே ரூபாயை அச்சடித்தால் அது டொலர்ப் பையைத் தின்னும். டொலரை அச்சடிக்க எங்களிடம் வழியில்லை.

டொலர்ப் பை: 2021இல் பொருள் ஏற்றுமதி 12.5 பில்லியன் டொலர், இறக்குமதி 20.6 பில்லியன். இடைவெளி 8.1. இந்த இடைவெளி புதிதல்ல, எப்போதும் இருந்தது. அதை நிரப்பியவை இரண்டு: சுற்றுலாவும், வெளிநாட்டில் வேலை செய்வோர் அனுப்பும் பணமும். சுற்றுலா 2018இல் 4.4 பில்லியன் தந்தது. 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகள் அதை அடித்தன, மிச்சத்தைக் கொரோனா முடித்தது. 2021இல் அது அரை பில்லியன் அளவில் நின்றது. இது யாருடைய கொள்கைப் பிழையும் அல்ல, ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் அனுப்பும் பணத்தை நாமே விரட்டினோம். 2020இல், கொரோனா வருடத்திலேயே, 7.1 பில்லியன் வந்தது. 2021இல் 5.5, 2022இல் 3.8. உழைப்பவர்கள் குறைந்து அல்ல. 2021 செப்டெம்பரிலிருந்து டொலரை 203 ரூபாயில் கட்டிப் பிடித்தார்கள். வெளியே உண்டியல்காரர் (வங்கிக்கு வெளியே பணம் மாற்றிக் கொடுப்பவர்) 240 கொடுத்தால் கணக்குச் சின்னது: 500 டொலருக்கு வங்கியில் 101,500 ரூபாய், உண்டியலில் 120,000. மாதம் 18,500 ரூபாய் வித்தியாசம். தேசப்பற்றுப் பேசி அதை மறிக்க முடியாது. அந்த டொலர் வெளிநாட்டிலேயே நிற்கும், இங்கே குடும்பத்துக்கு ரூபாய் மட்டும் கைமாறும். அந்த டொலரைக் கொண்டு யாரோ ஒரு இறக்குமதியாளர் தன் சரக்குக்குக் காசு கட்டுவார். நாட்டுக்குள் சாமான் வரும், ஆனால் எரிபொருளும் எரிவாயுவும் மருந்தும் வாங்க அரச வங்கிக்கு டொலர் கிடைக்காது. கடையில் அப்பிள் இருந்தும் எரிவாயு இல்லாமல் போன புதிர் இதுதான்.

பிறகு கடன். 2007இல் முதல் தடவை 500 மில்லியன் டொலருக்கு இறைமைப் பிணைமுறி, அதாவது உலகச் சந்தையில் அரசாங்கம் டொலரில் விற்கும் கடன் பத்திரம், விற்றோம். உலக வங்கி, ஆசிய அபிவிருத்தி வங்கி, ஜப்பான் கொடுத்த பழைய கடன்கள் இருபத்தைந்து, நாற்பது வருடத்தில் சிறுகச் சிறுகக் கட்டுபவை. பிணைமுறி அப்படியல்ல. பெரும்பாலும் ஐந்து அல்லது பத்து வருடம், வருடாவருடம் ஏறக்குறைய 5 முதல் 8 சதவீதம் வரை வட்டி, முதல் முழுவதும் ஒரே நாளில். அந்த நாளில் பழையதை அடைக்கப் புதிய பிணைமுறி விற்பதுதான் ஒவ்வொரு அரசாங்கமும் நம்பியிருந்த திட்டம். வரி வெட்டுக்குப் பிறகு 2020இல் நாடுகளின் கடன் கட்டும் தகுதியைத் தரப்படுத்தும் நிறுவனங்கள் இலங்கையைக் கீழே இறக்கின, புதிய பிணைமுறி வாங்க ஆளில்லை. சந்தை மூடிய பிறகு ஒதுக்கிலிருந்து, அதாவது மத்திய வங்கியின் டொலர்ச் சேமிப்பிலிருந்து, எடுத்துக் கட்டினார்கள். 2019 இறுதியில் 7.6 பில்லியனாக இருந்த ஒதுக்கு 2022 மார்ச் இறுதியில் 1.9. அதிலும் சுமார் 1.5 பில்லியன் சீன மத்திய வங்கியுடனான நாணயப் பரிமாற்றம், எண்ணெய்க் கப்பலுக்குக் கொடுக்க உதவாது. மாத இறக்குமதியோ 1.7 பில்லியன்.

அந்த நிலையிலும் 2022 ஜனவரி 18 அன்று 500 மில்லியன் டொலர் பிணைமுறியைக் கட்டினார்கள். மூன்று மாதம் கழித்து, ஏப்ரல் 12 அன்று, வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தார்கள். கட்ட முடியாது என்பது முன்பே தெரிந்திருந்தால் அந்த 500 மில்லியனை ஏன் கட்டினீர்கள் என்ற கேள்விக்கு இன்றுவரை ஒழுங்கான பதில் இல்லை.

மருந்தையும் பிழையான ஒழுங்கில் குடித்தோம். ரூபாயை மிதக்கவிடுவதற்கு (அதன் விலையைச் சந்தையே தீர்மானிக்க விடுவதற்கு) முன் வட்டியைப் போதிய அளவு ஏற்ற வேண்டும், கையில் கொஞ்சம் டொலர் இருக்க வேண்டும், சர்வதேச நாணய நிதியத்தோடு பேச்சு முற்றியிருக்க வேண்டும். 2022 மார்ச் 7 அன்று மூன்றும் இல்லாமல், டொலர் 230 ரூபாய் வரை போகலாம் என்று விட்டார்கள். மே மாதத்தில் 360. வட்டியை 7 சதவீதப் புள்ளிகள் ஒரேயடியாக ஏற்றியது ஏப்ரல் 8இல், ஆளுநர் மாறிய பிறகு. அணை உடைந்து ஒரு மாதம் கழித்துத்தான் மண் மூட்டை வந்தது.

---

படுவான்கரை எழுதியது:

பசளை விசயத்தில் மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் இதைத்தான் ஆட்கள் ஒன்றில் மிகைப்படுத்துகிறார்கள், இல்லாவிட்டால் "சேதன விவசாயம் நல்லதுதானே" என்று கடந்துபோகிறார்கள்.

2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி தடை. காரணமாகச் சொல்லப்பட்டது மக்களின் உடல்நலம், அடியில் கிடந்தது டொலர் தட்டுப்பாடு. 2020இல் பசளைக்குப் போனது சுமார் 260 மில்லியன் டொலர். மொத்த இறக்குமதி அந்த வருடம் 16 பில்லியன். ஒன்றரைச் சதவீதத்தை மிச்சம் பிடிக்கப் போய் சோற்றில் கை வைத்தார்கள்.

கணக்கைப் பாருங்கள். யூரியாவில் நைதரசன் 46 சதவீதம். நீர்ப்பாசன வயலுக்கு ஏக்கருக்குச் சுமார் 90 கிலோ யூரியா என்றால் நைதரசன் 41.4 கிலோ. நல்ல கூட்டெருவில் நைதரசன் ஒன்று முதல் இரண்டு சதவீதம், நடுவே ஒன்றரை என்று வைத்தால் 41.4 கிலோவுக்கு 2,760 கிலோ கூட்டெரு வேண்டும். அதுவும் முழுவதும் அந்தப் போகத்திலேயே பயிருக்குக் கிடைக்காது, மண்ணில் மெல்ல மெல்லத்தான் கரையும். முதல் போகத்தில் மூன்றில் ஒன்று கிடைக்கிறது என்று தாராளமாக எடுத்தாலும் ஏக்கருக்கு எட்டுத் தொன்னுக்கு மேல். பெரும்போகத்தில் (மாரிமழைக் கால நெற்செய்கையில்) ஏழு இலட்சம் ஹெக்டேயருக்கு மேல் விதைப்பு. நாடு முழுவதற்கும் ஒரு கோடி நாற்பது இலட்சம் தொன். இத்தனை எருவுக்கு மாடும் இல்லை, குப்பையும் இல்லை, ஏற்றி இறக்க உழவு இயந்திரமும் இல்லை.

அளவைவிட நேரம் முக்கியம். நெல்லுக்கு யூரியாவை இரண்டு மூன்று தவணையாகப் போடுவார்கள். மட்டம் வெடிக்கும் (பக்கக் கிளை விடும்) நேரத்தில் ஒன்று, குடலைப் பருவத்துக்குக் (கதிர் தண்டுக்குள் உருவாகும் காலத்துக்குக்) கிட்ட ஒன்று. மட்டம் வெடிக்கும்போது நைதரசன் இல்லையென்றால் கதிர் எண்ணிக்கை குறையும், குடலையில் இல்லையென்றால் மணி எண்ணிக்கை குறையும். பிறகு எவ்வளவு போட்டாலும் திரும்பி வராது. தடையை 2021 நவம்பரில் நீக்கினார்கள். ஆனால் அப்போது பெரும்போக விதைப்பு நடந்துகொண்டிருந்தது, கப்பல் வர வேண்டும், கப்பலுக்கு டொலர் வேண்டும், உலகச் சந்தையில் யூரியா விலையும் உச்சியில் நின்றது. 2021/22 பெரும்போக நெல் முந்திய பெரும்போகத்தோடு பார்க்க மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. அரிசியில் தன்னிறைவு பேசிய நாடு அரிசிக் கப்பலுக்குக் காத்து நின்றது.

இதில் ஒரு கூத்து: சீனாவிலிருந்து வந்த சேதனப் பசளைக் கப்பலைக் கிருமி இருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டு, கடைசியில் அதற்கு 6.7 மில்லியன் டொலரும் கட்டினார்கள்.

ஆனால் திறைசேரி வாசல் சொன்ன வரிசையில் இதைக் கடைசிப் படியில்தான் வைக்க வேண்டும். பசளைத் தடை இல்லாவிட்டாலும் 2022இல் டொலர் முடிந்திருக்கும். பட்டினி மட்டும் இவ்வளவு கடுமையாக இருந்திருக்காது.

---

வேம்படி நிழல் எழுதியது:

அருமை, நன்றி. அப்படியென்றால் சீனக் கடன் எந்த இடத்தில் வருகிறது? அம்பாந்தோட்டைத் துறைமுகத்தைக் கடனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டோம் என்றுதான் மாணவர்கள் எல்லோரும் படித்து வைத்திருக்கிறார்கள்.

---

திறைசேரி வாசல் எழுதியது:

அரச நிறுவனங்கள் பெற்றதையும் சேர்த்தால் அரச வெளிநாட்டுக் கடனில் சீனாவின் பங்கு ஐந்தில் ஒன்று அளவில். மத்திய அரசின் வெளிநாட்டுக் கடனில் பிணைமுறிகள் மூன்றில் ஒன்றுக்கு மேல். கழுத்தை இறுக்கியது பிணைமுறி, வட்டியாலும் தவணையாலும்.

அம்பாந்தோட்டை: 2017இல் 99 வருடக் குத்தகை, 1.12 பில்லியன் டொலர் வந்தது. அந்தப் பணத்தால் துறைமுகக் கடன் அழிக்கப்படவில்லை. பணம் ஒதுக்கைக் கூட்டியது, வேறு கடன்களைக் கட்ட உதவியது. துறைமுகத்துக்கு வாங்கிய கடன் திறைசேரியின் தலையில் அப்படியே இருந்தது. "கடனுக்குத் துறைமுகம்" என்பது அதனால் பிழை. டொலர் உழைக்காத திட்டத்துக்கு டொலரில் கடன் வாங்கினோம் என்பதுதான் சரியான குற்றச்சாட்டு, அது சீனாவைவிட நமக்கே கூடுதலாகப் பொருந்தும். ஊழலும் இந்த இடத்தில்தான் நுழைகிறது: கட்டக்கூடாததைக் கட்டவைப்பது அதுதான்.

இதற்கெல்லாம் அடியில் ஒன்று கிடக்கிறது, யாரும் பேசுவதில்லை. 2000ஆம் ஆண்டளவில் பொருட்களும் சேவைகளும் சேர்ந்த ஏற்றுமதி மொத்த உள்நாட்டு உற்பத்தியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். 2021இல் அது ஐந்தில் ஒன்றையும் எட்டவில்லை. கடன் டொலரில் ஏற, டொலர் உழைக்கும் பகுதி சுருங்கியது. 2023 மார்ச் 20 அன்று நாணய நிதியம் ஒப்புக்கொண்ட 3 பில்லியன் டொலர்த் திட்டம் அந்த நிதியத்தோடு நாம் செய்த பதினேழாவது. பதினாறு தடவை மருந்து வாங்கிய நோயாளியிடம் மருந்தை மட்டும் குறை சொல்ல முடியாது.

---

பண்ணைக் கடல் எழுதியது:

நாணய நிதியத்தின்ர திட்டத்தைப் பற்றிப் பேசுறவை அதின்ர பில் ஆரிட்டைப் போகுது எண்டு சொல்லுறேல்லை. மண்ணெண்ணெயை மட்டும் எடுங்கோ. 2022 ஓகஸ்ட் வரைக்கும் லீற்றர் 87 ரூபாய். ஒரே இரவில 340. வெளியிணைப்பு இயந்திரம் பூட்டின சின்னப் படகு ஒருக்காக் கடலுக்குப் போய்வர 25 லீற்றர் எண்டு வைச்சால் 2,175 ரூபாய் 8,500 ஆகுது. ஐஸ், வலை, கூலி எல்லாம் வேற. மீன் விலை நாலு மடங்கு ஏறினதோ? இல்லை. வாங்குற சனத்தின்ர கையிலயும் காசில்லை. அப்ப என்ன நடக்கும்? ஏழு நாளில அஞ்சு நாள் போன படகு ரெண்டு நாள் போகும். தூரம் போகாமல் கரையோடயே வலை விடுவினம், சின்ன மீன் அழியும். தொழிலுக்கு எண்டு வாங்கின நுண்கடனின்ர கிழமைத் தவணை மட்டும் நிக்காது. அதை அடைக்க இன்னொரு கடன்.

பழைய 87 ரூபாயும் நியாயமான விலை இல்லை எண்டது எனக்கும் விளங்குது. நட்டத்துக்கு வித்தது பெற்றோலியக் கூட்டுத்தாபனம், அந்த நட்டம் அரச வங்கியில டொலர்க் கடனா ஏறினது, ரூபாய் விழ அந்தக் கடனும் ஊதினது. ஆனால் மானியத்தை வெட்டுற நாளில மீனவனுக்கும் தோட்டத்து லயத்துக்கும் நேரடியாக் காசு குடுக்கிற ஒழுங்கு தயாரா இருந்திருக்க வேணும். அஸ்வெசும, அதுதான் வறிய குடும்பங்களுக்கு அரசாங்கம் மாதாமாதம் காசு குடுக்கிற திட்டம், தொடங்கினது 2023 யூலை. ஏறக்குறைய ஒரு வருசம் இடைவெளி. அந்த ஒரு வருசத்தில வித்த நகையும் வித்த இயந்திரமும் திரும்பி வாறேல்லை.

---

ஏழாம் நம்பர் மலை எழுதியது:

தோட்டத்தையும் சேர்த்துக்கங்க. நாள் சம்பளம் ஆயிரம் ரூபாய்னு 2021 மார்ச்சில சம்பள நிர்ணய சபை மூலமா வந்துச்சு. அதுக்குப் பெறகு 2024 செப்டெம்பர்லதான் 1,350 ஆச்சு. கணக்கப்பிள்ளை போட்ட கூடையை வச்சுப் பாத்தா, 2023 செப்டெம்பர்ல அந்த ஆயிரம் பழைய காசுல 581 ரூபாய். 1,350 ஆன பிறகும் 789தான். கூட்டிக் குடுத்த பிறகும் 2021 நிலைமைக்கு வரல.

அந்த ஆயிரமும் சும்மா கிடைக்கல. பல தோட்டத்துல 18 கிலோ, 20 கிலோ கொழுந்து எடுத்தாத்தான் முழுப்பேர் (முழு நாள் சம்பளம்), இல்லாட்டி அரைப்பேர் (பாதிச் சம்பளம்). பசளை இல்லாத மலையில கொழுந்து வராது. படுவான்கரை ஐயா நெல்லைச் சொன்னாரு, தேயிலையும் அதே கதைதான்: 2021இல சுமார் 299 மில்லியன் கிலோ, 2022இல 251. இதுல ரெண்டு அடி. நாட்டுக்கு டொலர் கொறஞ்சது ஒண்ணு. அதே தடை கொழுந்து எடுக்கிறவங்களுக்கு முழுப்பேரை அரைப்பேராக்கினது ரெண்டாவது. சம்பளப் புள்ளிவிவரத்துல ஆயிரம் ஆயிரம்னு அப்படியே நிக்கும், அரைப்பேர் அதுல தெரியாது.

அஸ்வெசும பத்தி ஒரு விசயம். குடும்பத்தை 22 குறிகாட்டியால அளக்குறாங்க: படிப்பு, சுகாதாரம், வருமானம், சொத்து, வீடு, குடும்ப அமைப்பு. வருமானத்தை நிரூபிக்க முடியாத நாட்டுல வேற வழியில்லைனு சொல்லலாம். ஆனா வீடமைப்புத் திட்டத்துல கெடைச்ச கல்வீடு சொத்தா நிக்கும், அந்த வீட்டுக்குள்ள அடுப்பு எரியுதான்னு குறிகாட்டிக்குத் தெரியாது. பேர் விடுபட்டா மேன்முறையீடு, பிழையான வகையில போட்டாலும் மேன்முறையீடு. பிரதேச செயலகத்துக்குப் போறப்ப "நாங்க கஷ்டப்படுறோம்"னு மட்டும் எழுதிக் குடுத்தா வேலைக்காகாது. எந்தத் தகவல் பிழைன்னு குறிச்சு, மின்சார பில், வைத்திய அறிக்கை, பிள்ளைகளோட பாடசாலைக் கடிதம்னு அதுக்கேத்த தாளோட குடுக்கணும்.

---

கணக்கப்பிள்ளை எழுதியது:

ஏழாம் நம்பர் மலையின் கணக்கு சரி. அதே முறையில் அஸ்வெசுமவையும் போடுங்கள். ஆரம்பத்தில் நான்கு வகைக்கும் மாதம் 2,500, 5,000, 8,500, 15,000 ரூபாய். 2,500 ரூபாய் என்பது 2021 காசில் 1,450 அளவில்தான். 2025 ஜனவரியில் 8,500ஐ 10,000 ஆகவும் 15,000ஐ 17,500 ஆகவும் கூட்டினார்கள்.

யார் சுமந்தார்கள் என்று பேச்சு வந்ததால் இன்னொன்று. 2023இல் உள்நாட்டுக் கடனை மறுசீரமைத்தபோது பழைய ரூபாய்ப் பிணைமுறியைக் கொடுத்துப் புதியதை வாங்கும் மாற்றத்தில் மாட்டியவை ஊழியர் சேமலாப நிதியம் போன்ற ஓய்வுகால நிதிகள். புதிய பிணைமுறிக்கு 2025 வரை 12 சதவீதம், பிறகு 9. மாற்றத்துக்கு வராவிட்டால் நிதியின் வருமானத்துக்கு 14 சதவீதத்துக்குப் பதில் 30 சதவீத வரி. விருப்பத் தெரிவு என்று பெயர். வங்கிகளை அதற்குள் இழுக்கவில்லை, இழுத்தால் வைப்பாளர்கள் பதறுவார்கள் என்பது காரணம். அந்தக் காரணத்தில் உண்மை உண்டு. ஆனால் சேமலாப நிதியில் பணம் வைத்திருப்பவர் பதறி எடுக்க முடியாது என்பதும் அதே அளவு உண்மை.

வேம்படி நிழலுக்கு: விலை இறங்காததற்கு டொலர் ஒன்றே காரணம் இல்லை என்பதை மாணவர்களுக்குச் சொல்லுங்கள். 2024இல் டொலர் 300 ரூபாய்ப் பக்கம் இறங்கியது. ஆனால் பெறுமதி சேர் வரி 2022 ஜூனில் 12, செப்டெம்பரில் 15, 2024 ஜனவரியில் 18 என்று ஏறியது, முன்பு விலக்கில் இருந்த எரிபொருளும் எரிவாயுவும் அதற்குள் வந்தன. 2019இல் விட்ட வரியைத்தான் திருப்பிப் பிடிக்கிறார்கள். விட்டபோது பெரிய வியாபாரிக்கும் நல்ல சம்பளக்காரருக்கும் லாபம், பிடிக்கும்போது எரிவாயு வாங்குபவரிடமும் பிடிக்கிறார்கள்.

வகுப்பில் செய்விக்க ஒரு பயிற்சி. 2021ஐச் சேர்ந்த ஒரு கடை பில் எந்த வீட்டிலாவது கிடைக்கும். பத்துச் சாமான் எடுங்கள், ஐந்து இறக்குமதி (பருப்பு, சீனி, கோதுமை மா, பால்மா, எரிவாயு), ஐந்து உள்ளூர் (அரிசி, தேங்காய், முட்டை, மரக்கறி, மீன்). ஒவ்வொன்றுக்கும் மாதம் எவ்வளவு தேவை என்று எழுதி, பழைய விலையிலும் இன்றைய விலையிலும் பெருக்கிக் கூட்டி, புதியதைப் பழையதால் பிரியுங்கள். அதுதான் அந்த வீட்டின் சொந்தச் சுட்டெண். சறுக்கும் இடம்: இரண்டு விலைக்கும் ஒரே அளவை வைக்க வேண்டும். இன்று குறைத்து வாங்குகிறோம் என்று குறைந்த அளவைப் போட்டால் கஷ்டம் கணக்கிலிருந்து மறைந்துவிடும். பைக்கற்றுக்கு அல்லாமல் கிராமுக்கு விலை போடச் சொல்லுங்கள். பாண் 450 கிராம் இருக்க வேண்டும், அதை நிறுத்துப் பார்த்துவிட்டே எழுதட்டும்.